தனியாக வருகிறவரைத் தடுக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்

மலைப்பாதைகளை நிர்வகிக்கும் அலுவலகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

மூன்று மாதங்களுக்கு முன் நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். தனியாக வருபவருக்கு இனி அனுமதிச் சீட்டு கிடையாது, குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து வரவேண்டும், உள்ளே தனியாக நடப்பவரைக் கண்டால் அபராதம் என்று அதில் இருக்கிறது. காரணமாக ஒரே ஒரு சொல்: பாதுகாப்பு. அந்தச் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் விதி வந்த பிறகுதான் அந்த மலையில் நான் உண்மையிலேயே பாதுகாப்பில்லாமல் நடந்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

சுற்றறிக்கைக்குப் பிறகு முதல் தடவையாகப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாயிலுக்கு வந்தேன். சீட்டுக் கொடுக்கும் தம்பி என்னைப் பல வருடங்களாக அறிந்தவர். "தனியா விட முடியாதும்மா, ரூல் மாறிடுச்சு" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அதோ அங்க ஒருத்தர் அரை மணி நேரமா நிக்கிறார். அவரோட சேர்ந்து எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டார். அங்கே நின்றவர் என் மகன் வயதுள்ள ஓர் இளைஞர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஒரு குழுவானோம். புதிய படிவத்தில் குழுத் தலைவரின் பெயர், அடையாள அட்டை எண், ஆள் எண்ணிக்கை ஆகிய மூன்றைத்தான் கேட்கிறீர்கள். அவர் தலைவர். நான் "2" என்ற எண்ணில் பாதி. என் பெயர் எங்கேயும் இல்லை.

வாயிலிலிருந்து 200 மீட்டர் தள்ளிப் பாதை பிரிகிறது. அவர் அருவிப் பக்கம் போனார், நான் முகட்டுப் பக்கம் போனேன். "பார்த்துப் போங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னார்.

மாலை நாலரைக்குத் திரும்பி வந்தபோது வாயிலில் வேறு காவலர் இருந்தார். படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க குழு ரெண்டு மணிக்கே வெளிய போயாச்சுன்னு எழுதியிருக்கே?" என்றார். இளைஞர் தன் வேலை முடிந்து வந்திருக்கிறார், வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. ஒரு குழுவுக்கு ஒரே ஒரு வெளியேறும் கட்டம்தான் உங்கள் படிவத்தில் இருக்கிறது.

ஆக, இரண்டு மணியிலிருந்து நாலரை மணிவரை நான் முகட்டின் பின்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, உங்கள் கணக்குப்படி நான் மலையிலேயே இல்லை. கால் உடைந்து ஒரு பாறையிடுக்கில் கிடந்திருந்தால் அன்றிரவு யாரும் வந்திருக்க மாட்டார்கள். மறுநாளும் வந்திருக்க மாட்டார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். ஏழு மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் என் தங்கை வாயிலுக்கு போன் செய்வாள். அது எங்களுக்குள் இருக்கும் பழைய ஏற்பாடு. அன்று அவள் போன் செய்திருந்தால், "அவங்க ரெண்டு மணிக்கே இறங்கிட்டாங்க, வழியில இருப்பாங்க" என்றுதான் பதில் கிடைத்திருக்கும். தகவல் இல்லாமல் இருப்பது ஒரு வகைக் கேடு. பொய்யான தகவல் இருப்பது அதைவிடப் பெரிய கேடு, தேட வருபவர்களையும் அது திருப்பி அனுப்பிவிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு இப்போது 52 வயது. 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாக நடக்கிறேன். 6 ஆண்டுகளுக்கு முன் இதே மலையில் உங்கள் பழைய பதிவேட்டில் இருந்த ஒரே ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. எண்ணெய்க் கறை படிந்த அந்த நீள நோட்டு உங்களுக்கு நினைவிருக்கும். அதில் நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி: காலை 7.10. தனியாக. ஓடைப் பாதையில் ஏறி, முகட்டுப் பாதையில் இறக்கம். மாலை 4க்குள் திரும்புவேன். பச்சைச் சட்டை, பையில் ஆரஞ்சு மழையங்கி.

இறங்கும்போது மதியம் 2.40 மணி இருக்கும், ஈரப் பாறையில் கால் வழுக்கியது. கணுக்கால் திரும்பிய சத்தம் எனக்கே கேட்டது. பை உருண்டு பத்து மீட்டர் கீழே போய்ப் புதரில் மாட்டிக்கொண்டது. தண்ணீர், மழையங்கி, டார்ச் எல்லாம் அதற்குள். என்னிடம் மிஞ்சியவை சட்டைப் பையில் இருந்த போனும் கழுத்தில் தொங்கிய விசிலும்தான். (விசிலைப் பையில் கட்டிவைக்கக் கூடாது, உடம்பில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அன்று நான் படித்த விலையில் யாரும் படிக்க வேண்டாம்.) போனில் டவர் இல்லை. கத்திப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் குரல் போய்விட்டது. விசிலுக்குக் களைப்பு கிடையாது. மலையேறுபவர்களுக்கான பன்னாட்டு அபாய அழைப்பு இது: ஒரு நிமிடத்துக்குள் 6 முறை ஊதவேண்டும், ஒரு நிமிடம் நிறுத்தவேண்டும், மறுபடி 6. கேட்டவர் நிமிடத்துக்கு 3 முறை ஊதிப் பதில் சொல்வார். அந்த ஒரு நிமிட இடைவெளி சும்மா வைக்கப்பட்டதல்ல. பதில் வந்தால் காதில் விழவேண்டுமே.

ஐந்தரை மணிக்குப் பதிவேட்டை மூட வந்த காவலர் என் வரி அடிக்கப்படாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறார். போன் போட்டிருக்கிறார், போகவில்லை. இரண்டு பேரை அனுப்பினார். எங்கே அனுப்பினார் என்பதுதான் முக்கியம். ஓடைப் பக்கம் அல்ல, முகட்டுப் பக்கம். ஏனென்றால் நான்கு மணிக்குள் திரும்புவேன் என்று எழுதியவர் மதியத்துக்கு மேல் இறக்கத்தில்தான் இருந்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். ஏழேகாலுக்கு, இருட்டில், கீழிருந்து மூன்று விசில் கேட்டது. அந்தச் சத்தத்தை எப்படி விவரிப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 3 கிலோமீட்டர் நடப்பவர் எந்தத் திசையில் போனார் என்று தெரியாவிட்டால், ஒரு மணி நேரத்தில் அவர் இருக்கக்கூடிய வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் 113. மூன்று மணி நேரத்தில் 254. நேரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. நிஜ மலையில் பள்ளமும் பாறையும் குறுக்கே நிற்பதால் வட்டம் இவ்வளவு பெரிதாகாது, சரி. ஆனாலும் காவலர் அனுப்பிய இரண்டு பேர் அன்று தேடியது ஒரு வட்டத்தை அல்ல, ஒரு கோட்டை. அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தது நோட்டில் இருந்த வரி.

புதிய படிவத்தில் போகும் வழிக்குக் கட்டம் இல்லை. திரும்பும் நேரத்துக்குக் கட்டம் இல்லை. சட்டை நிறம் வேண்டாம். வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்பதும் வேண்டாம். அடையாள அட்டை எண் மட்டும் கட்டாயம். அந்த எண்ணை வைத்து ஒருவரை எந்தப் புதரில் தேடுவீர்கள்?

இந்த விஷயமாக உங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை தொலைபேசினேன். பேசிய அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். அமெரிக்காவில் ஒருவர் தனியாகப் போய்ப் பாறையில் கை சிக்கி, தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வந்தாரே, தெரியாதா என்று கேட்டார். தெரியும். ஆரன் ரால்ஸ்டன். 2003 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் புளூஜான் பள்ளத்தாக்கில் 127 மணி நேரம் சிக்கிக்கிடந்தார். அந்த நிகழ்ச்சியை நீங்கள் எடுத்துக்காட்டும்போது ஒன்றை விட்டுவிடுகிறீர்கள். அவர் எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவரைக் காணோம் என்று மற்றவர்கள் உணர்வதற்கே நாட்கள் ஆயின. எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒருவர் கையில் கொடுத்திருந்தால், தேடுதல் எத்தனை நாள் முன்னதாகத் தொடங்கியிருக்கும்? தனியாகப் போனது பாதிதான் பிரச்சினை. சொல்லாமல் போனது மீதிப் பாதி, என்னைக் கேட்டால் பெரிய பாதி.

மலையில் நடப்பதை அன்றாடப் பழக்கமாக வைத்திருக்கும் நார்வேயில் மலைக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. பழைய பட்டியலில் ஏழாவது விதி, "தனியாகப் போகாதே." 2016இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது அந்த ஏழாவது விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது முதல் விதியே பயணத்தைத் திட்டமிடு, எந்த வழியில் போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ என்பதுதான். நீங்கள் அவர்களுக்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறீர்கள். தனியாகப் போகாதே என்பதை உள்ளே கொண்டுவந்து, சொல்லிவிட்டுப் போ என்பதை வெளியே தள்ளியிருக்கிறீர்கள்.

"இப்பதான் எல்லார்கிட்டயும் போன் இருக்கே" என்றும் அந்த அதிகாரி சொன்னார். இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். மலையின் பாதிக்கு மேல் டவர் கிடைக்காது என்பது உங்கள் காவலர்களுக்கே தெரியும். சிக்னலைத் தேடித் தேடியே போனின் பேட்டரி தீர்ந்துவிடும், குளிர் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் பழகியவர்கள் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு நடக்கிறார்கள். அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் நாம் இருக்கும் இடம் நமக்கு மட்டும்தான் தெரியும். செயற்கைக்கோள் வழியாக அபாய அழைப்பு அனுப்பும் பீக்கன் கருவிகள் நல்லவைதான். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அவை, காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்களை எட்டும். பொத்தானை அழுத்தியபின் குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பவேண்டும் என்பது அவற்றுக்கான விதி. ஆனால் அதற்கு வானம் தெரியவேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் தெரிவது ஒரு துண்டு வானம்தான். சில நாடுகளில் செயற்கைக்கோள் கருவிகளை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். அப்புறம் இதையும் கேளுங்கள்: பீக்கன் அழைப்பு வந்ததும் மீட்பு மையத்தில் இருப்பவர் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, கருவியைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டு, "அவர் எங்கே போயிருக்கிறார்?" என்று கேட்பது. இவ்வளவு பெரிய ஏற்பாடும் கடைசியில் வீட்டில் இருக்கும் ஒரு ஆளிடம்தான் வந்து நிற்கிறது. அந்த ஆளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

அபராதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால் பிசகிக் கிடக்கும் ஒருவர் உதவிக்கு அழைத்தால் அபராதம் விழும் என்று பயந்து, சமாளித்து இறங்கிவிடலாம் என்று இருட்டும்வரை நொண்டிக்கொண்டு வருவார். வெளிச்சத்தில் எளிதாக முடியவேண்டிய வேலை, மழையிலும் இருட்டிலும் உங்கள் ஆட்களுக்கே ஆபத்தாக முடியும். மீட்புக்குப் பணம் கேட்காதீர்கள் என்று மலை மீட்புத் தன்னார்வலர்கள் பல நாடுகளில் சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான்.

தனியாகப் போவதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் கணுக்காலே என்னைப் பார்த்துச் சிரிக்கும். கூட ஒருவர் இருந்தால் உதவிக்கு ஓடுவார். "மழை வர்ற மாதிரி இருக்கு, திரும்பலாம்" என்று சொல்ல இன்னொரு வாய் இருக்கும். தனியாக நடப்பவருக்கு அந்த வாய் இல்லை, அதனால் திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். உச்சி நூறடி தூரத்தில் தெரிந்தாலும் அந்த நேரம் வந்துவிட்டால் திரும்பத்தான் வேண்டும். நானே ஒருமுறை, ஒரு பறவையின் குரலைப் பின்தொடர்ந்து, எழுதிக் கொடுத்த வழியை விட்டு வேறு ஓடையில் இறங்கியிருக்கிறேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என் தங்கை கையில் இருந்த தாள் எல்லோரையும் தப்பான பக்கம் அனுப்பியிருக்கும். அதை அவளிடம் சொல்லவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

இப்போது நான் கிளம்பும் முன் செய்வது இவ்வளவுதான். போகும் வழி, திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் கவலைப்படவேண்டும், யாருக்குப் போன் செய்யவேண்டும் என்று ஒரு தாள். அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு படம். ஷூவின் அடிப்பாகத்தையும் ஒரு படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்புவேன், ஈர மண்ணில் எந்தத் தடம் என்னுடையது என்று தேடுபவர்களுக்குத் தெரியட்டுமென்று. முதல் தடவை அனுப்பியபோது அவள் ஷூ வாங்கப் போகிறேனோ என்று நினைத்தாள். இதற்கெல்லாம் பத்து நிமிடம்கூட ஆகாது. இதே பத்து நிமிடத்தை உங்கள் வாயிலில் எல்லோரிடமும் நீங்கள் கேட்டுவாங்க முடியும். ஆனால் தனியாக வருபவரைத் திருப்பி அனுப்பினால், அவர் வேலிக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும் ஆட்டுத்தடத்தில் நுழைந்துவிடுகிறார். அந்தத் தடம் உங்களுக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் அது புல் மூடிக் கிடந்தது. இப்போது மண் தெரிகிறது. அந்த வழியாக உள்ளே போனவர்கள் எத்தனை பேர், திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று உங்களில் யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே கேட்கிறேன்.

தனியாக வருபவருக்கு அனுமதியில்லை என்ற விதியையும் அதற்கான அபராதத்தையும் திரும்பப் பெறுங்கள். மழை, காட்டுத்தீ, விலங்கு நடமாட்டம் என்று ஏதாவது இருக்கும் நாளில் பாதையை எல்லோருக்கும் மூடுங்கள், அதில் எனக்கு ஒரு வார்த்தை மறுப்பில்லை.

பழைய பதிவேட்டை, அல்லது அதில் இருந்த கட்டங்களை, திரும்பக் கொண்டுவாருங்கள். குழுவாக வந்தாலும் ஆளுக்கு ஒரு வரி. பெயர், போகும் வழி, திரும்பும் நேரம், உடையின் நிறம், வீட்டில் அழைக்க வேண்டிய எண். வெளியேறும்போது அவரவர் வரியை அவரவரே அடிக்கவேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் அடிக்கக் கூடாது. கணினியில் வைக்க விருப்பமென்றால் வையுங்கள், ஆனால் மின்சாரமும் இணையமும் போகும் நாளுக்காக வாயிலில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

அடிக்கப்படாத வரிகளைத் தினமும் மாலை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். 6 ஆண்டுகளுக்கு முன் அந்தக் காவலர் அதைத் தன் இஷ்டத்துக்குச் செய்தார், அது அவர் வேலைப் பட்டியலில் இல்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

அறிவிப்புப் பலகையில் இருக்கும் அலுவலக எண்ணை மாலை ஐந்து மணிக்கு மேல் யாரும் எடுப்பதில்லை. மனிதர் காணாமல் போவது தெரியவருவதே ஐந்து மணிக்கு மேல்தான். இரவிலும் ஒருவர் எடுக்கும் எண்ணைப் போடுங்கள்.

பாதையோரக் கம்பங்களில் அழிந்துபோன எண்களை மறுபடி எழுதுங்கள். "பதினேழாம் கம்பத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்ல முடிந்தால் பதற்றத்தில் இருப்பவருக்கும் தேடுபவருக்கும் குழப்பமில்லை. அட்சரேகையைப் போனில் வாய்மொழியாகச் சொல்வதில் உள்ள ஆபத்துக்கு ஓர் உதாரணம்: 12.30 டிகிரி என்று ஒருவர் சொல்வதை 12 டிகிரி 30 நிமிடம் என்று மற்றவர் எழுதிக்கொண்டால், தேடுபவர்கள் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பார்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன். யாரோடும் சேர்த்து எழுதிக்கொள்ள மாட்டேன், ஆட்டுத்தடத்தில் நுழையவும் மாட்டேன். காலை 6.30 மணிக்கு வாயிலில் இருப்பேன். ஓடைப் பாதையில் ஏறி, முகட்டுப் பாதையில் இறக்கம். உச்சியை எட்டாவிட்டாலும் மதியம் 12 மணிக்கு இறங்கத் தொடங்கிவிடுவேன். மாலை 4க்குள் வாயிலில். சாம்பல் நிறச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, கழுத்தில் விசில். வீட்டில் அழைக்கவேண்டிய எண்ணையும் ஷூ அடிப்பாகத்தின் படத்தையும் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்தத் திட்டத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதை அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் தெரிவியுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பதிவேட்டில் பல நூறு வரிகள் எழுதிய ஒருத்தி